வாஷிங்டன் உயிலும் மீதி 153 பேரும்

ஜனவரி 8, 2023. கேள்வி

"அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் தன் அடிமைகளை எல்லாம் உயிலிலேயே விடுதலை செய்துவிட்டார் என்றுதான் எங்கும் படிக்கிறேன். போன வாரம் வர்ஜீனியாவில் அவருடைய தோட்டமான மவுண்ட் வெர்னான் போயிருந்தோம். அவர் இறந்து மூன்று வருஷத்துக்குள் அங்கிருந்த அடிமைகளை வீட்டுப் பேரப்பிள்ளைகள் பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று வழிகாட்டி சொன்னார். விடுதலையானவர்களை எப்படிப் பங்கு போட முடியும்? இதில் எது பொய்? பழைய கோர்ட்டு ஆவணங்கள் படிக்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள்."

ஜனவரி 8, இரவு

இரண்டும் உண்மை. 1799இல், அவர் செத்த வருஷம், மவுண்ட் வெர்னானில் இருந்த அடிமைகள் 317 பேர். அதில் வாஷிங்டனுக்குச் சொந்தம் 123 பேர்தான். 41 பேர் வெளியாரிடம் வாடகைக்கு எடுத்தவர்கள். மீதி 153 பேர் அவர் மனைவி மார்த்தாவின் முதல் கணவர் வீட்டுச் சொத்து. உயில் தொட்டது அந்த 123 பேரை மட்டும்.

153 பேர் கணக்கு இப்படி. மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் உயில் எழுதாமல் இறந்துபோனார். வர்ஜீனியா சட்டப்படி விதவைக்கு மூன்றில் ஒரு பங்கு. அதுவும் அவள் உயிரோடு இருக்கும் வரைக்கும்தான். அவள் காலத்துக்குப் பிறகு அது முதல் கணவரின் வாரிசுகளுக்குத் திரும்பிப் போகணும். அந்தப் பங்கில் 84 மனிதர்கள் இருந்தார்கள்.

என் அப்பா நாற்பது வருஷம் சார்பதிவாளர் அலுவலக வாசலில் பத்திரம் எழுதியவர். "ஆயுள் பரியந்தம் அனுபவித்துக்கொள்ள வேண்டியது, பராதீனம் செய்ய அதிகாரம் கிடையாது" என்று அவர் எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு விடும் வீடு, கிணற்றோடு அரை ஏக்கர் என்று இருக்கும். அதே வாசகத்தை 84 பேர் தலைமேல் வைத்துப் பாருங்கள். மார்த்தாவுக்கு அவர்களிடம் வேலை வாங்கலாம், விற்க முடியாது. விடுதலை செய்யவும் முடியாது. வாஷிங்டன் விடுவிக்க நினைத்தால் கஸ்டிஸ் வாரிசுகளுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கட்டணும்.

ஜனவரி 9

84 எப்படி 153 ஆனது, நடுவில் வாங்கினார்களா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். வாங்கவில்லை. பிறந்தார்கள்.

1662இல் வர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: பிள்ளையின் நிலை தாயின் நிலை. இங்கிலாந்தில் தகப்பன் வழிதான் எல்லாம். அதை இங்கே திருப்பிப் போட்டார்கள். தாய் அடிமை என்றால் தகப்பன் யாராக இருந்தாலும், எஜமானாகவே இருந்தாலும், பிள்ளை தாயின் எஜமானுக்குச் சொந்தம். ஆக, கஸ்டிஸ் பங்கில் வந்த ஒரு பெண் மவுண்ட் வெர்னானில் வாஷிங்டனுடைய ஆளைக் கட்டிக்கொண்டு ஒன்பது பெற்றாலும், ஒன்பதும் கஸ்டிஸ் கணக்கில் ஏறும்.

நாற்பது வருஷத்தில் இரண்டு கணக்கும் ஒரே குடிசைக்குள் கலந்துவிட்டன. புருஷன் 123இல் ஒருவன், பெண்டாட்டி 153இல் ஒருத்தி. வாஷிங்டன் உயிலிலேயே இந்தச் சிக்கலைச் சொல்கிறார்: இவர்களும் கஸ்டிஸ் ஆட்களும் ஒருவருக்கொருவர் மணந்திருப்பதால் மார்த்தா உயிரோடு இருக்கும்போதே விடுவித்தால் மனவேதனையான காட்சிகள் உண்டாகும், அதனால் மார்த்தா காலத்துக்குப் பிறகு விடுதலை என்று. உடனே விடுதலை கிடைத்தது ஒரே ஒருவருக்கு: அமெரிக்கச் சுதந்திரப் போர் முழுக்கக் கூடவே இருந்த வில்லியம் லீ. வருஷம் 30 டாலர் பணமும் எழுதி வைத்தார்.

ஜனவரி 9, சற்று நேரம் கழித்து

விட்டுப்போனது. 123 பேர் மார்த்தா சாகும் வரை காத்திருக்கவில்லை. அவர் 1801 ஜனவரி 1 அன்றே அவர்களை விடுவித்தார். காரணம் அப்போதைய அதிபர் ஜான் ஆடம்ஸின் மனைவி அபிகெயில் ஆடம்ஸ் தன் சகோதரிக்கு எழுதிய கடிதத்தில் இருக்கிறது. தான் செத்தால்தான் விடுதலை என்று காத்திருக்கும் ஆட்கள் நடுவில் தன் உயிருக்குப் பாதுகாப்பு இல்லை என்று மார்த்தா பயந்தாராம்.

1802 மே மாதம் மார்த்தா இறந்தார். 153 பேர் கணக்கு நாலு பேரப்பிள்ளைகளுக்குப் பிரிந்தது. உங்கள் வழிகாட்டி சொன்னது அதைத்தான். விடுதலையான புருஷன் ஒரு ஊரில், பெண்டாட்டி ஒரு பேத்தி வீட்டில், வளர்ந்த பிள்ளைகள் இன்னொரு பேரன் வீட்டில்.

ஜனவரி 11

"அப்படியென்றால் மார்த்தா மேல் தப்பில்லை, சட்டம் கையைக் கட்டிவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். என் முதல் பதிவு அந்த எண்ணத்தைக் கொடுத்திருந்தால் திருத்திக்கொள்கிறேன். மார்த்தாவுக்கே முழு உரிமையாக ஒரே ஒரு ஆள் இருந்தார், எலிஷ் என்று பெயர். அவரை விற்கலாம், கொடுக்கலாம், விடுவிக்கலாம், கேட்க ஆளில்லை. மார்த்தா தன் உயிலில் அவரைப் பேரன் ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸுக்கு எழுதிவைத்தார்.

153 பேர் விஷயத்தில் அவருக்கு என்ன மனசு இருந்தது என்று நாம் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசலாம். எலிஷ் விஷயத்தில் கையெழுத்தே இருக்கிறது. இந்தப் பேரன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வருவார்.

ஜனவரி 14

இதைக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், ஒரு வாரமாக மனசில் கிடக்கிறது.

வார இறுதிகளில் நான் பழைய கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) உயில் புத்தகங்களைப் படித்துத் தட்டச்சு செய்துகொடுக்கிறேன். தன்னார்வ வேலை. ஸ்கேன் செய்த பக்கம் ஒரு பக்கம், காலிப் படிவம் ஒரு பக்கம். எஜமான் செத்ததும் கவுண்டி கோர்ட் மூன்று நாலு பேரை மதிப்பீட்டாளராகப் போடும், பெரும்பாலும் பக்கத்து நிலக்காரர்கள். அவர்கள் சத்தியம் செய்துவிட்டு வீடு, கொட்டில், வயல் என்று நடந்து கண்ணில் பட்டதை எல்லாம் வரிசையாக எழுதி எதிரே விலை போடுவார்கள். இறகு மெத்தை ஒன்று. நிலைக்கண்ணாடி ஒன்று. கலப்பை. செம்பு அண்டா. பிறகு அதே கையெழுத்தில், அதே மையில், ஒரு மனிதன் பெயர், விலை. பெண் பெயர், விலை. பிறகு பழுப்புக் குதிரை ஒன்று.

முதல் தடவை படித்தபோது மனிதர்கள் ஒரு தலைப்பின் கீழ் தனியாக இருப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். சில பட்டியலில் அப்படியும் உண்டு. நான் எடுத்த பக்கத்தில் தலைப்பே இல்லை. நடந்துபோன வழியில் யார் நின்றார்களோ அந்த இடத்தில் எழுதியிருக்கிறார்கள். சமையல்காரி அண்டாவுக்குப் பக்கத்தில் வருகிறாள்.

வயசானவர்கள் பெயருக்கு எதிரே பூஜ்யம் இருக்கும். சில இடத்தில் பூஜ்யம்கூட இல்லை, ஒரு கோடு. ஐம்பது வருஷம் உழைத்த மனுஷன் அந்தக் கோட்டில் முடிகிறான்.

ஆனால் உயிலில் வரும் ஒரு சொல்தான் என்னைத் தூங்கவிடவில்லை. இந்தப் பெண்ணை இன்ன மகளுக்குக் கொடுக்கிறேன் என்று எழுதிவிட்டு, கூடவே "அவளும் அவள் பெருக்கமும்" என்று வரும். எதிர்காலப் பெருக்கம் என்றும் வரும். அந்தப் பெண்ணுக்கு அப்போது பத்து வயசு இருக்கலாம். இன்னும் இருபது வருஷத்துக்குப் பிறகு அவள் வயிற்றில் தங்கப்போகும் பிள்ளைக்கு இன்றே சொந்தக்காரன் உண்டு. அதே உயிலில் நாலு வரி தள்ளி, பசுக்களும் அவற்றின் பெருக்கமும். சொல் மாறவில்லை.

இதை அம்மாவிடம் போனில் சொல்லத் தமிழ்ச் சொல் தேடினேன். பெருக்கம் என்றேன், புரியவில்லை. வாரிசு இல்லை, சந்ததி இல்லை. நம் பத்திரத்தில் "புத்திர பௌத்திர பாரம்பரியமாய்" என்று எழுதுவது சொத்தை வாங்குகிறவன் வம்சத்துக்கு. இங்கே சொத்துக்கே வம்சம். கடைசியில் வாக்கியத்தை அப்படியே விளக்கிச் சொன்னேன். அம்மா உடனே, "ஈத்து. வாரத்துக்கு விடற மாட்டுக்கு ஈத்து யாருக்குன்னு பேசிக்கறது" என்றாள். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டாள். கோபமாக இருந்தாள், யார்மேல் என்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 15

நம் ஊர் ஆளோலை, அடிமை ஓலை பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். இருந்தது. 1843இன் 5ஆம் சட்டம்தான் கோர்ட்டுகள் அதை உரிமையாக ஏற்பதை நிறுத்தியது. அதற்குத் தனி இழை திறங்கள், நானும் வருகிறேன். இங்கே ஒன்றைக் காட்டி இன்னொன்றைச் சிறிதாக்கும் பேச்சு வேண்டாம்.

ஜனவரி 17

அப்பாவிடமும் கேட்டேன். மனிதர் அசையும் சொத்தா, அசையாச் சொத்தா என்றுதான் முதலில் கேட்டார். நாற்பது வருஷப் பழக்கம்.

அந்தக் கேள்வியை வர்ஜீனியாவும் கேட்டுக்கொண்டது. 1705 சட்டம் வாரிசு விஷயத்தில் அடிமைகளை நிலத்துக்குச் சமமாக, அசையாச் சொத்தாக வைத்தது. மூத்த மகனுக்கு நிலம் போனால் அதில் வேலை செய்யும் கைகளும் சிதறாமல் போகணும் என்பது கணக்கு. பிறகு அசையும் சொத்தாக மாற்றிக்கொண்டார்கள். எது வசதியோ அது. நிலமாக எண்ணினால் நிலத்தோடு கட்டிவைக்கலாம், மரச்சாமானாக எண்ணினால் மகளுக்குச் சீராகக் கொடுத்து வண்டியேற்றி அனுப்பலாம்.

"மாவடை மரவடை கிணறு" என்று எழுதிய கைதான் இது, ஆனால் இந்த வேலை என்னால் செய்திருக்க முடியாது என்றார் அப்பா. அவர் சொன்னதை நம்புகிறேன். அந்த மதிப்பீட்டாளர்களின் பிள்ளைகளும் தங்கள் அப்பாக்களைப் பற்றி இப்படித்தான் நம்பியிருப்பார்கள் என்றும் தோன்றுகிறது. இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஜனவரி 21

ஓனா ஜட்ஜ் பற்றி நேற்று ஒரு வரி வந்தது. அது ஒரு வரியில் போகக்கூடாது.

ஓனாவின் அம்மா பெட்டி, தையல்காரி, கஸ்டிஸ் பங்கில் வந்தவர். அப்பா ஆண்ட்ரூ ஜட்ஜ், இங்கிலாந்திலிருந்து ஒப்பந்தக் கூலியாக வந்த வெள்ளைத் தையல்காரர், ஒப்பந்தம் முடிந்ததும் தன் வழியே போய்விட்டார். 1662 சட்டம் இருக்கிறதே, ஓனா கஸ்டிஸ் சொத்து. மார்த்தாவின் அந்தரங்கப் பணிப்பெண்ணாக ஃபிலடெல்ஃபியாவில் அதிபர் மாளிகையில் இருந்தார். 1796இல், தன்னை மார்த்தாவின் பேத்தி எலிசாவுக்குக் கல்யாணப் பரிசாகக் கொடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துகொண்டார். மே 21 அன்று வீட்டார் சாப்பாட்டு மேஜையில் இருக்கும்போது வெளியே நடந்து, கப்பல் ஏறி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் போர்ட்ஸ்மத் போய்ச் சேர்ந்தார்.

வாஷிங்டன் ஆள் அனுப்பினார். ஒரு தடவை இல்லை, 1799 வரைக்கும். ஓனா போகவில்லை. ஒரு கப்பல்காரரைக் கல்யாணம் செய்து மூன்று பிள்ளைகள். நியூ ஹாம்ப்ஷயரில் பிறந்தவை, மவுண்ட் வெர்னானைக் கண்ணால் பார்க்காதவை. சட்டப்படி மூன்றும் கஸ்டிஸ் வாரிசுகளின் பெருக்கம்.

ஓனா 1848இல் இறந்தார். ஐம்பது வருஷத்துக்கு மேல் சுதந்திரமாக நடமாடி, ஏழையாக வாழ்ந்து, சாகும் நாளிலும் காகிதத்தில் ஒரு குடும்பத்தின் சொத்து. 1840களில் பத்திரிகைக்காரர்கள் போய்க் கேட்டபோது, விட்டுவந்ததற்கு வருந்தவில்லை, தான் சுதந்திரமானவள் என்றார்.

எலிசாவுக்குப் பரிசு தவறவில்லை. ஓனாவின் தங்கையைக் கொடுத்தார்கள்.

ஜனவரி 22

மேலே "கஸ்டிஸ் சொத்து", "கஸ்டிஸ் பங்கு", "கஸ்டிஸ் கணக்கு" என்று நானே பல தடவை எழுதியிருக்கிறேன் என்று ஒருவர் சுட்டிக்காட்டினார். சரிதான். பட்டியல் படித்துப் படித்து அதன் சொல் நாக்கில் ஒட்டிக்கொள்கிறது. அழிக்கவில்லை, கிடக்கட்டும். இனி கவனமாக இருப்பேன்.

ஜனவரி 28

"உயில் கெட்டதே செய்யும் என்கிறீர்களா? வாஷிங்டன் உயில் விடுதலையும் கொடுத்ததே" என்ற கேள்விக்கு.

உயிலில் எழுதியதை அந்த மனிதர்களிடம் யார் படித்துக் காட்டுவது? அடிமையாக இருந்து தப்பி, பிறகு பலரைத் தப்பவைத்த ஹாரியட் டப்மனின் அம்மா ரிட் கதையைப் பாருங்கள். மேரிலாந்தில் 1797இல் இறந்த ஆத்தோ பேட்டிசன் என்பவர் ஒரு உயில் எழுதியிருந்தார். ரிட்டைத் தன் பேத்திக்குக் கொடுத்தார், அவளும் அவள் பெருக்கமும் 45 வயசு வரைக்கும் உழைக்கட்டும் என்று. அதாவது 45 ஆனால் விடுதலை, பிள்ளைகளுக்கும் அப்படியே. ரிட்டுக்கு 45 வந்தது, போனது. யாரும் மூச்சு விடவில்லை. பேத்தியின் மகன் எட்வர்ட் பிராடஸ் ரிட்டின் மூன்று பெண் பிள்ளைகளை விற்றுவிட்டான். அந்தப் பெண்கள் திரும்பி வரவே இல்லை.

டப்மன் பிறகு ஐந்து டாலர் கொடுத்து ஒரு வக்கீலை அந்தப் பழைய உயிலைத் தேடச் சொன்னார். எழுதப்படிக்கத் தெரியாத பெண், கூலிக்கு உழைத்து மிச்சம் பிடித்த காசு. வக்கீல் தேடிக் கண்டுபிடித்தார். வாசகம் அங்கேயே இருந்தது, கவுண்டி புத்தகத்தில், எல்லாரும் பார்க்கலாம் என்ற இடத்தில்.

1849 மார்ச்சில் பிராடஸ் செத்தான், கடனோடு. அடுத்தது என்ன என்று டப்மனுக்குத் தெரியும். கடனைத் தீர்க்க ஆட்களை விற்பார்கள். அந்த இலையுதிர் காலத்தில் தப்பினார். ரிட்டை அவர் புருஷன் பென் ராஸ் 1855இல் 20 டாலர் கொடுத்து வாங்கினார். எப்போதோ விடுதலையாகியிருக்க வேண்டிய மனைவியை.

ஐந்து டாலர் விஷயத்தைத் தட்டச்சு செய்யும்போது எனக்குக் கை நின்றுவிட்டது. வில்லங்கச் சான்று எடுக்க எங்கள் அப்பா முன்னால் காத்து நின்ற முகங்கள் ஞாபகம் வந்தன.

பிப்ரவரி 4

எஜமான் இறந்தால் அடிமைகள் அழுதார்களாம், பாசம் இருந்தது என்று பழைய நினைவுக் குறிப்புகளில் வருமே என்று கேட்டிருந்தீர்கள்.

அழுததற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. அடிமையாகப் பிறந்து தப்பி, அடிமை முறைக்கு எதிராகப் பேசியும் எழுதியும் வந்த ஃபிரடெரிக் டக்ளஸ் 1845இல் எழுதிய சுயசரிதையில் சொல்கிறார். அவருடைய எஜமான் ஏரன் ஆண்டனி உயில் இல்லாமல் இறந்தார். பால்டிமோரில் இருந்த பையன் டக்ளஸை மதிப்பீட்டுக்காகத் திரும்பவும் கிராமத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஒன்பது வயசு. ஆண், பெண், கிழவர், குழந்தை எல்லாரையும் குதிரை, ஆடு, பன்றியோடு ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே மாதிரி சோதித்தார்கள். பிறகு பங்கு பிரிக்கும் நாள். எஜமானின் மகன் ஆண்ட்ரூ சில நாள் முன்னால்தான் டக்ளஸின் தம்பியைத் தரையில் தள்ளித் தலையில் பூட்ஸ் காலால் மிதித்திருந்தான். அவன் பங்கில் விழுவோமோ என்ற பயத்தில் எல்லாரும் நின்றார்கள். டக்ளஸ் மகள் பக்கத்துக்கு விழுந்தார், பால்டிமோருக்குத் திரும்பினார். அங்கேதான் எழுத்துக் கற்றார். பங்கு மாறி விழுந்திருந்தால் நமக்கு டக்ளஸ் கிடையாது.

பங்கு பிரிப்பது நாம் பாகப்பிரிவினையில் செய்கிற மாதிரிதான். ஆட்களை ஏறக்குறையச் சம மதிப்புள்ள கூறாகப் பிரிப்பது, சில சமயம் சீட்டுக் குலுக்கி எடுப்பது, கூடுதல் மதிப்பு வந்தவன் குறைவாக வந்தவனுக்குப் பணம் கொடுத்துச் சரிக்கட்டுவது. நான் படித்த கூறுகளில் தொகை காலணா பிசகாமல் சமமாக வந்திருக்கிறது. சமமாக்கத்தான் ஒரு தாயை இந்தக் கூறிலும் பத்து வயசுப் பெண்ணை அடுத்த கூறிலும் வைத்திருக்கிறார்கள்.

வாரிசு சின்னக் குழந்தை என்றால் காப்பாளர் கணக்கு வரும். ஜனவரி 1 அன்று ஆட்களை வருஷ வாடகைக்கு விட்டு, அந்த வருமானத்தில் குழந்தையின் பள்ளிக்கூடம், செருப்பு. ஹாரியட் ஜேக்கப்ஸ் என்ற பெண்ணை வட கரோலினாவில் எஜமானி 1825இல் எழுதிவைத்தது மூன்று வயசுக் குழந்தைக்கு. அந்தக் குழந்தையின் அப்பன் அதன் பெயரால் ஜேக்கப்ஸை ஆட்டிவைத்தான்.

பிப்ரவரி 5

இன்னொரு அதிபர் தாமஸ் ஜெஃபர்சன் வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டவருக்குச் சுருக்கமாக: ஆம், ஜெஃபர்சன் நிலைமை இதைவிட மோசம். 1826இல் லட்சம் டாலருக்கு மேல் கடனோடு இறந்தார். உயிலில் விடுதலை ஐந்து பேருக்கு. 1827 ஜனவரியில் அவர் தோட்டமான மான்டிசெல்லோவின் புல்வெளியில் 130 பேர் ஏலம். கொல்லர் ஜோசப் ஃபாசெட் அந்த ஐவரில் ஒருவர், விடுதலை ஜூலையில். ஜனவரி ஏலத்தில் அவர் மனைவி ஈடித்தையும் பிள்ளைகளையும் அவர் கண் முன்னால் விற்றார்கள். மகன் பீட்டருக்கு 11 வயசு. ஜோசப் பட்டறை வேலை செய்து மனைவியையும் சில பிள்ளைகளையும் மீட்டார். பீட்டர் விடுதலையாக 1850 ஆனது.

ஜெஃபர்சன் வீட்டு அடிமைப் பெண் சாலி ஹெமிங்ஸ் பெயர் மதிப்பீட்டுப் பட்டியலில் இருக்கிறது. 50 டாலர். அவரும் வாரிசுச் சொத்தாக வந்தவர்தான், ஜெஃபர்சனின் மாமனார் ஜான் வேல்ஸ் 1773இல் இறந்தபோது. சாலியின் மகன் மேடிசன் 1873இல் சொன்னபடி, அந்த ஜான் வேல்ஸ்தான் சாலியின் தகப்பன். மகளை மருமகன் சொத்தாக வாங்கிக்கொண்டார்.

பிப்ரவரி 11

ஒரு தவற்றைச் சொல்லியாகணும்.

ஜனவரியில் நான் தட்டச்சு செய்த பட்டியலில் சில வரிகள் "இன்னாளும் குழந்தையும்" என்று இருந்தன. குழந்தைக்குப் பெயர் இல்லை. படிவத்தில் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் அடுத்த வரிக்கு விடாது. நான் தாயின் பெயரை மட்டும் போட்டுவிட்டு நகர்ந்துவிட்டேன். அப்படி எத்தனை என்று நேற்று பழைய பக்கங்களைத் திறந்து எண்ணினேன். ஏழு.

மதிப்பீட்டாளர்கூட அந்தக் குழந்தைகளைப் பார்த்தான். விலையில் சேர்த்தான். நான்தான் விட்டேன்.

1850, 1860 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அடிமைகளுக்குத் தனிப் பட்டியல். எஜமான் பெயர், கீழே வயசு, பால், நிறம். பெயர் கிடையாது. 1860இல் ஏறத்தாழ 39.5 லட்சம் பேர் அப்படி எண்ணாக இருக்கிறார்கள். எல்லாருக்கும் பெயர் வருவது 1870 கணக்கெடுப்பில்தான். முன்னோரைத் தேடும் கறுப்பினக் குடும்பங்கள் அந்த வருஷத்தில் வந்து சுவரில் முட்டிக்கொள்கின்றன. அதைத் தாண்ட இருக்கும் வாசல்களில் பெரியது இந்த உயிலும் பட்டியலும்தான். அப்பத்தாவின் அப்பத்தா பெயர் வேண்டும் என்றால் அவளுக்கு விலை போட்ட காகிதத்தைத்தான் திறக்கணும். அங்கே நான் ஒரு வரியைத் தின்றுவிட்டால் யாரோ ஒருவர் முட்டிக்கொண்டே நிற்பார்.

அந்த ஏழு வரிகளையும் சேர்த்துவிட்டேன். பெயர் கட்டத்தில் "பெயர் எழுதப்படாத குழந்தை" என்று.

பிப்ரவரி 19

ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன பேரன்: ஜார்ஜ் வாஷிங்டன் பார்க் கஸ்டிஸ். மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு அவருக்கு வந்த பங்கு ஆட்களும் எலிஷும், கஸ்டிஸ் வழியில் முன்பே உரியவர்களும் போடோமாக் ஆற்றங்கரையில் ஆர்லிங்டன் மாளிகையைக் கட்டி அங்கே விவசாயம் செய்தார்கள். "கஸ்டிஸ் கட்டினார்" என்று பலகையில் இருக்கும்.

வேலைக்குப் போகும்போது வாஷிங்டன் நகர மெட்ரோ ரயிலின் நீலத் தடத்தில் ஆர்லிங்டன் சமாதி நிறுத்தம் வரும். பன்னிரண்டு வருஷம் அந்தக் குன்றைப் பார்த்திருக்கிறேன். வெள்ளைக் கற்கள் வரிசையாக நிற்கும் ராணுவ மயானம் முழுக்க அந்தத் தோட்டம்தான் என்று இந்த வேலையில் இறங்கும் வரை எனக்குத் தெரியாது.

கஸ்டிஸ் 1857 அக்டோபரில் இறந்தார். அவர் மூன்று தோட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 200 பேர். உயிலில், பேத்திகள் நாலு பேருக்குத் தலைக்கு 10,000 டாலர் கொடுக்கணும், ஐந்து வருஷத்துக்குள் அடிமைகளுக்கு விடுதலை கொடுக்கணும் என்று இரண்டும் எழுதியிருந்தார். உயிலை நிறைவேற்ற வேண்டியவர் மருமகன், ராபர்ட் இ. லீ. பிறகு அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படைத்தலைவரானவர் இவர்தான். பேத்திகள் பணத்தை ஆட்களின் உழைப்பிலிருந்துதான் எடுக்க முடியும் என்று அவர்களை வேலையில் வைத்தார்.

கிழவர் செத்ததும் விடுதலை என்று கஸ்டிஸே தங்களிடம் சொல்லியிருந்ததாக வெஸ்லி நாரிஸ் 1866இல் பத்திரிகைக்குக் கொடுத்த வாக்குமூலத்தில் சொல்கிறார். ஒரு வருஷத்துக்கு மேல் காத்திருந்துவிட்டு 1859இல் சகோதரி மேரியோடும் உறவினர் ஒருவரோடும் கிளம்பினார். பென்சில்வேனியா எல்லைக்குக் கொஞ்சம் முன்னால் மேரிலாந்தில் பிடிபட்டார்கள். அவருக்கு 50 கசையடி, மேரிக்கு 20. லீ நின்று பார்த்தார், பிறகு முதுகை உப்புநீரால் கழுவச் சொன்னார் என்கிறார் நாரிஸ்.

ஆர்லிங்டனில் மரியா சைஃபக்ஸ் என்று ஒரு பெண் இருந்தார். கஸ்டிஸின் மகள், தாய் அடிமை. அவரைக் கஸ்டிஸ் விடுவித்து 17 ஏக்கர் நிலமும் கொடுத்தார், பத்திரம் எழுதவில்லை. உள்நாட்டுப் போரின்போது நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள, 1866இல் காங்கிரஸ் தனிச் சட்டம் போட்டுத்தான் திருப்பிக் கொடுத்தது. அப்பாவுக்கு இந்த இடம் மட்டும் திரும்பச் சொல்லணும். "வாய்ச்சொல்லா கொடுத்தா இப்படித்தான்" என்பார்.

மார்ச் 5

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு: 1757இல் உயில் எழுதாமல் ஒருவர் செத்ததில் ஆரம்பித்த கணக்கின் ஒரு கிளை எங்கே முடிந்தது என்று தேடினேன். லீ 1862 டிசம்பர் 29 தேதியிட்ட விடுதலைப் பத்திரத்தில். உயில் சொன்ன ஐந்து வருஷமும் தாண்டி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆர்லிங்டன் அதற்கு ஒன்றரை வருஷம் முன்பே வடக்குப் படையின் கையில். லிங்கனின் விடுதலைப் பிரகடனத்துக்கு மூன்று நாள்தான் பாக்கி. பத்திரத்தில் இருந்த பலர் யாருடைய கையெழுத்துக்கும் காத்திராமல் போய்விட்டிருந்தார்கள்.

அதைப் படித்தேன். பெயர்களின் பட்டியல்தான். இரண்டு மாதமாகப் பட்டியலே படித்துக்கொண்டிருந்ததால் கண் தானாக வலது ஓரத்துக்குப் போனது, தொகைக்கு. அங்கே ஒன்றும் இல்லை. சொத்துப் பட்டியலில் தகப்பன் பெயர் அரிது, குடும்பப் பெயர் அதைவிட அரிது. இதில் செலீனா, தார்ன்டன் கிரே, அவர்களின் ஆறு பிள்ளைகள். சாலி நாரிஸ், லென் நாரிஸ், அவர்களின் மூன்று பிள்ளைகள்: மேரி, சாலி, வெஸ்லி.

ஞாயிற்றுக்கிழமை போனில் அப்பாவுக்கு மெதுவாகப் படித்துச் சொன்னேன், ஒவ்வொரு பெயராக. நடுவில் குறுக்கிடவே இல்லை. முடித்ததும் கேட்டார்:

"பதிவு ஆயிடுச்சில்ல?"

ஆயிடுச்சுப்பா என்றேன்.